நாலு மில்லிமீட்டரும் ஒரு சத்தியமும்

டாக்டர் இர்பான் மீனுவின் வாயிலிருந்து அந்தச் சின்ன ஸ்டீல் ஸ்கேலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஃபோர்," என்றார்.

ஜனவரியிலும் நாலு. இப்போது ஜூலை, இப்போதும் அதே நாலு மில்லிமீட்டர். மீனு கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடித்தாலும் முன்னால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளாது. நடுவில் அந்தச் சந்து அப்படியே நிற்கும். சப்பாத்தியை முன்பல்லால் பிய்க்க முடியாமல் வாயின் ஓரத்துக்குத் திருப்பித்தான் கடிப்பாள். ஒன்பது வயதாகிறது. எட்டரை வயதுவரை விரல் சூப்பியதன் பலன் இது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார். விரலை நிறுத்தினால் சந்து தானாகவே குறைய ஆரம்பிக்கும், நிறுத்தாவிட்டால் பல்லுக்குக் கிளிப் போட்டாலும் பலன் நிற்காது என்றும் சொல்லியிருந்தார்.

"இன்னும் சூப்புகிறாளா?" என்று ஹிந்தியில் கேட்டார். குரலில் குற்றம் சாட்டுவது போல எதுவும் இல்லை. ஆனால் என் காது அப்படிக் கேட்கவில்லை.

"நஹி அங்கிள்," என்றாள் மீனு. பிறகு என் பக்கம் திரும்பி, "சச்சி, நெசமா சொல்றேங்மா. நான் விட்டுட்டேன்," என்றாள்.

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்போதும் குறையாவிட்டால் மேல்பல்லுக்குப் பின்னால் கம்பியில் ஒரு சின்ன வேலி மாதிரி பொருத்த வேண்டியிருக்கும், விரல் உள்ளே போனாலும் சுகம் கிடைக்காது என்றார். வேறு காரணமும் இருக்கலாம், இவள் அழாமல் இருக்கும்போது நிதானமாகப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. எனக்குத் தேவையான குற்றவாளி ஏற்கெனவே நாற்காலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விமான் நகரில் ஒரு கம்பெனியில் பதினான்கு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். சரியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைக்கவில்லை.

மீனுவின் விரலோடு நான் நடத்திய யுத்தம் பெரிய கதை. வேப்பெண்ணெய் தடவினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அதை நக்கித் தீர்த்துவிட்டுச் சூப்பினாள். பிளாஸ்டர் சுற்றினேன், கையில் சாக்ஸ் மாட்டினேன், ஐஸ்கிரீம் ஆசை காட்டினேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் பிப்ரவரியில் ஒரு நாள், வகுப்பில் கௌஷிக் என்ற பையன் எல்லாருக்கும் முன்னால் 'பேபி' என்று கூப்பிட்டுவிட்டான் என்று அழுதுகொண்டு வந்தாள். மறுநாளிலிருந்து விரல் வாய்க்குப் போகவில்லை. அப்படித்தான் அவள் சொன்னாள். நானும் ஐந்து மாதமாகப் பார்க்கவில்லைதான். ஆனால் அந்த ஸ்கேல் வேறு சொன்னது. எனக்கு ஸ்கேல்தான் பெரிதாகப் பட்டது.

அன்று சாயங்காலம் ஔந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, செருப்பைக்கூடக் கழற்றாமல், அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். ஏன் பயந்தாள் என்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் பிள்ளைகள் அழி ரப்பருக்குக்கூட 'ஆயீ ஷப்பத்' என்பார்கள். மராத்தியில் அம்மா மேல் சத்தியம் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இரண்டாம் வகுப்பில் மீனு அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நான் பதறிப்போனேன். எங்கள் பொள்ளாச்சியில் பெற்றவள் மேல் சத்தியம் என்பது விளையாட்டு இல்லை. "பெத்தவ மேல பொய்ச் சத்தியம் பண்ணுனா அம்மாவுக்குத்தான் ஏதாச்சும் ஆகும், இனி அந்த வார்த்த வாயில வரக்கூடாது," என்று தொடையில் ஒன்று வைத்தேன். அதன்பிறகு அவள் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. கூடப் படிக்கிற பிள்ளைகள் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வாள் என்று அவள் டீச்சர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அப்பேர்ப்பட்ட பிள்ளையிடம்தான் நான் தலையைக் குனிந்து காட்டினேன்.

அவள் கை பாதி தூரம் வந்து நின்றது. அந்தத் தயக்கத்தைக் குற்றம் என்றே நான் எடுத்துக்கொண்டேன். "என்ன, கை வரலையா?" என்றேன். உள்ளங்கை பட்டும் படாமலும் என் உச்சந்தலையில் வந்து விழுந்தது.

"சத்தியமா சூப்பலைங்மா."

அதோடு விட்டிருக்க வேண்டும். விட்டால் நான் பார்கவி இல்லையே. "முழிச்சிருக்கறப்ப சூப்பல, சரி. தூக்கத்துல? தூக்கத்துல விரல் வாய்க்குப் போனா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கடுகு டப்பாவைத் திறந்தேன். அவள் முகம் எப்படிப் போனது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் பார்கவி, கொழந்தய இந்த வெரட்டு வெரட்டற?" என்றார் என் கணவர் ஹரிபிரசாத், ஹாலிலிருந்து.

"நீங்க செல்லம் குடுத்துத்தான் இந்த லட்சணம்," என்றேன்.

பதினோராவது நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது.

இரண்டு நாளில் எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலி. டெங்கு என்றார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் தொண்ணூற்றிரண்டாயிரம், இன்னும் இறங்கும் போலிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலில் போர்டு. ஹரி யாரிடமோ பேசி, பள்ளி விட்டதும் மீனுவை மத்தியானத்தில் கால் மணி நேரம் கூட்டிக்கொண்டு வந்தார்.

வழக்கமாக அவள் கட்டிலில் ஏறி என் மேல் விழுவாள். அன்று மஞ்சள் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரமாகவே நின்றாள்.

"கிட்ட வா கண்ணு."

"வேண்டாங்மா. எவ்ளோ?"

"என்ன எவ்ளோ?"

"நம்பர்."

அறுபத்தொன்று என்று ஹரி சொன்னார். நேற்று எவ்வளவு என்று கேட்டாள். தொண்ணூற்று இரண்டு. அவள் உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஸ்டிக்கர் ஒட்டிய தண்ணீர் பாட்டிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கணக்குப் போடும் அந்தச் சின்ன உருவத்தைப் பார்க்க எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்ன கணக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் முப்பத்தெட்டு. அன்று காலை டீச்சர் போன் பண்ணியதாக ஹரி சொன்னார். இரண்டு வாரமாகவே மீனு வகுப்பில் தலையைக் கவிழ்த்துத் தூங்குகிறாளாம். "நீ இல்லாம தூக்கம் வர்றதில்ல போல," என்றார். இரண்டு வாரத்துக்கு முன் நான் வீட்டில்தான் இருந்தேன் என்பது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

மத்தியானம் வந்தபோது மீனுவின் கண் இரண்டும் செருகிக்கொண்டு போயிற்று. வலது கை மழைக்கோட்டுப் பையிலேயே இருந்தது. என் கையில் ஊசியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் சரசாதான் அதைக் கவனித்தாள். சரசா கிர்க்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்.

"அரே பாப்பா, அந்தக் கைக்கு என்னா ஆச்சு? காட்டு."

"குச் நஹி."

"ஒண்ணும் இல்லேன்னா காட்டறதுக்கு என்னா? காட்டு, காட்டு."

சரசா மெதுவாகக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றாகச் சேர்த்துத் தலைமுடிக்குப் போடும் கறுப்பு ரப்பர் பேண்டுகளால் சுற்றி வைத்திருந்தாள். ஒன்றிரண்டு இல்லை, ஏழு. கட்டைவிரல் நுனி வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"ஐயோ தேவா," என்று சொல்லிக்கொண்டே சரசா ட்ரேயிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வேண்டாம் ஆண்ட்டி! வெட்டாதீங்க!" மீனு கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்துவிட்டார்கள். "வெட்டுனா அம்மா செத்துருவாங்க!"

ஹரி அவளைப் பின்னாலிருந்து பிடித்தார். அவள் திமிறினாள். நான் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

"யார் கண்ணு சொன்னா அப்படி?"

"நீங்கதான் சொன்னீங்க!" தேம்பித் தேம்பி வந்தது. "பொய்ச் சத்தியம் பண்ணா அம்மாவுக்கு ஆகும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் தூங்கறப்ப விரல் போனா எனக்குத் தெரியாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்போ என் சத்தியம் ஜூட், பொய் ஆயிடும்ல? அதான் நான் தூங்கல. தூக்கம் வந்தா கட்டிக்கறேன். கார்ல வர்றப்ப தூக்கம் வந்திச்சு. அதான் கட்டினேன்."

இரண்டு வாரம். ஒன்பது வயதுப் பிள்ளை என்னைச் சாக விடாமல் காவல் காத்திருக்கிறாள், நான் அடுத்த அறையில் குறட்டை விட்டிருக்கிறேன்.

"அதெல்லாம் சும்மா கண்ணு. சத்தியம் பண்ணுனா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"அப்போ எதுக்குப் பண்ணச் சொன்னீங்க?"

டெங்குக் காய்ச்சல் கொசு கடித்து வருவது, உனக்கே பள்ளியில் சொல்லிக் கொடுத்திருப்பார்களே என்றார் ஹரி.

"நம்ம மூணு பேர் இருக்கோம். அம்மாவ மட்டும் ஏன் கடிச்சிச்சு?"

விரல் கறுத்துக்கொண்டே போனது. சரசா கத்தரிக்கோலை ட்ரேயில் வைத்துவிட்டு அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு பாப்பா. உனக்கு விரல் வாய்க்குள்ள போவக்கூடாது. அவ்வளோதானே? நான் பெரிய பட்டி போடறேன். பாக்ஸிங் கிளவுஸ் மாதிரி. தூங்கினாலும் போவாது. ஆனா ரத்தம் ஓடும். இந்த ரப்பர இப்படியே விட்டா விரலே போயிடும். என் வேலயே கட்டுப் போடறதுதான், நான் போட்டது அவுந்ததா சரித்திரமே இல்ல. போடவா?"

மீனு முதலில் பஞ்சையும் துணியையும் எடுத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். வைத்த பிறகுதான் கையை நீட்டினாள். ஒவ்வொரு ரப்பர் பேண்டும் அறுபடும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு ஏதாவது ஆகிறதா என்று. நான் சிரிக்க முயன்றேன். விரலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு திரும்பியது. டியூட்டி டாக்டர் வந்து அழுத்திப் பார்த்து, பயமில்லை, இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் சிக்கல் என்றார்.

மறுநாள் என் பிளேட்லெட் இருபத்தொன்பதுக்கு இறங்கியது.

அவளிடம் நாற்பத்தைந்து என்று சொல்லிவிடலாம் என்றார் ஹரி. எனக்கும் அது சரி என்றே பட்டது. சொன்னோம். மீனு கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராகக் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், அங்கே தொங்கிய ஃபைலை இடது கையால் புரட்டினாள்.

"ட்வெண்ட்டி நைன்," என்றாள். "அப்பா ஜூட் சொல்றாங்க. கட்டுப் போட்டும் கொறஞ்சிடிச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. முடிவாகிவிட்டது என்பது போல நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

சாவு வந்துவிடும் என்ற பயம் எனக்கு அதுவரை பெரிதாக இல்லை. டாக்டர்கள் நம்பிக்கையாகத்தான் பேசினார்கள். ஆனால் அந்த நிமிஷம் பயம் வந்தது. நான் போய்விட்டால் இந்தப் பிள்ளை அம்மாவைக் கொன்றது நான்தான் என்று நினைத்துக்கொண்டே வளரும். முப்பது வயதிலும் நினைக்கும், ஐம்பது வயதிலும் நினைக்கும். இல்லை என்று சொல்ல நான் இருக்க மாட்டேன். நான் பிழைத்தே ஆக வேண்டும், எனக்காக இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் வேண்டிக்கொண்டேன்.

"ஏங்க, இனிமே அவகிட்ட ஒரு பொய்யும் சொல்லாதீங்க," என்றேன் ஹரியிடம். பிறகு அவளைப் பார்த்து, "மீனு, நாளைக்கும் கொறையும்னு டாக்டர் சொல்றாரு. கொறஞ்சு அப்புறந்தான் ஏறுமாம். நாளைக்குக் கொறஞ்சா அது உன்னால இல்ல. ஏறுனாலும் உன்னால இல்ல. நீ கட்டுப் போட்டதாலயும் இல்ல, அவுத்ததாலயும் இல்ல. புரியுதா?"

தலையாட்டினாள். நம்பவில்லை என்று தெரிந்தது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: தூக்கத்தில் செய்த தப்பு கணக்கில் வருமா? அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் இருபத்துநாலு. ஹரி வாசலிலேயே உண்மையைச் சொல்லிக் கூட்டிவந்தார். அவள் கதவைத் தாண்டி வரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை ரத்தம் எடுத்துப் போனதிலிருந்து ரிப்போர்ட் வரும்வரை நான் சுவர்க் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பன்னிரண்டரைக்குச் சரசா காகிதத்தை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். நாற்பத்தொன்று. மீனு வந்ததும் நான் எதுவும் சொல்லவில்லை, காகிதத்தை அப்படியே நீட்டினேன். வாங்கி, பெயர், வயது, தேதி எல்லாம் சரிபார்த்தாள். பிறகு நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. கால் மணி நேரம் என்ற விதியைச் சரசா கண்டுகொள்ளாமல் விட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் என் தலையைத் தொடவில்லை. முன்பெல்லாம் பள்ளிக்குக் கிளம்பும்போது என் நெற்றிப் பொட்டைச் சரிசெய்துவிட்டுத்தான் போவாள். இப்போது இரண்டடி தள்ளி நின்று, "பொட்டு கோணல்ங்மா," என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் கடைசியில் டாக்டர் இர்பானிடம் போனோம். நடந்ததையெல்லாம் சொன்னேன். சத்தியம் வாங்கியதையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு மீனுவின் இரண்டு கட்டைவிரல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சூப்புகிற விரல் வெளுத்து ஊறி, தோல் தடித்துத் தனியாகத் தெரியுமாம். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன.

காகிதக் கப்பில் தண்ணீர் கொடுத்து ஒரு வாய் விழுங்கச் சொன்னார். விழுங்கும் நேரத்தில் கீழ் உதட்டை விரலால் லேசாக விலக்கினார். நானும் குனிந்து பார்த்தேன். மீனுவின் நாக்கு அந்த நாலு மில்லிமீட்டர் சந்து வழியாக வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மறுபடி விழுங்கச் சொன்னார். மறுபடி வந்தது.

"இதுதான்," என்றார். கைக்கண்ணாடியை மீனுவிடம் கொடுத்து அவளுக்கும் காட்டினார். விரல் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டது, திறந்த கதவில் நாக்கு வந்து நின்றுகொண்டது என்று விளக்கினார். ஒவ்வொரு தடவை எச்சில் விழுங்கும்போதும் நாக்கு முன்பல்லைத் தள்ளுகிறது, அதனால்தான் சந்து மூடவில்லை. நிறையப் பிள்ளைகளுக்கு விரலை விட்ட பிறகு இப்படி ஆகும். அவர்களுக்கே தெரியாது.

பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் மகள் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்," என்றார்.

மீனுவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, டாக்டரும் அவருடைய உதவியாளரும் பார்க்க, "என்னை மன்னிச்சுரு கண்ணு," என்றேன்.

"பரவால்லீங்மா," என்றாள், பெரிய மனுஷி மாதிரி. திட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பயிற்சி ஒன்று சொல்லிக் கொடுத்தார் டாக்டர். நாக்கு நுனியை மேல்பல்லுக்குப் பின்னால், அண்ணத்தில் மேடாக இருக்கும் இடத்தில் வைத்து, பல்லைக் கடித்து, நாக்கை வெளியே விடாமல் விழுங்க வேண்டும். ஒரு தடவைக்கு இருபது முறை, ஒரு நாளைக்கு மூன்று தடவை. நாலு மாதம் தவறாமல் செய்தால் சந்து குறையத் தொடங்கும், மீதிக்குத்தான் கிளிப். மீனு நாலைந்து முறை செய்து காட்டினாள். ஆறாவது முறை நாக்கு வெளியே வரவில்லை.

"ஷாபாஷ்! தினமும் செய்வாய் இல்லையா? ப்ராமிஸ்?" என்று டாக்டர் உள்ளங்கையை நீட்டினார்.

மீனு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

"ப்ராமிஸ் பண்ண மாட்டேன் அங்கிள்," என்றாள் ஹிந்தியில். "ஆனா செய்வேன்."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் டாக்டர் மடக்கிக்கொண்டார். பிறகு மேஜை டிராயரிலிருந்து கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து என்னிடம் தந்தார். தினமும் மூன்று கட்டம். ஒவ்வொரு தடவையும் அம்மா பக்கத்தில் இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

வாங்கிப் பார்த்தேன். இப்படிப்பட்ட தாள் என்றால் எனக்குக் கை பரபரக்கும். திருப்பி மேஜை மேல் வைத்தேன்.

"இது வேண்டாம் டாக்டர்," என்றேன். "செய்வேன்னு அவ சொல்லிட்டா."

மீனு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் திருப்பிப் பார்த்தபடியே நான் உட்கார்ந்திருந்தேன்.